லீவு நாளில் நான் கொடுத்த இளநீர்

போன மாதம் உங்கள் நர்சிங் விடுதி விழாவில் ஒரு பிள்ளை மேடையேறி, "இத்தனை வருஷ சர்வீசில் ஒரு தவறுகூடச் செய்யாத சிஸ்டர்" என்று என்னை அறிமுகம் செய்தாள். நான் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுத்திருக்க வேண்டும். ஆனால் மாலை வாசனையாக இருந்தது, கைதட்டலும் நன்றாக இருந்தது, முதல் வரிசையில் டாக்டர்மார் வேறு இருந்தார்கள். மேடையில் விழுங்கியதை இங்கே கக்கிவிடுகிறேன். உங்களில் யாராவது முதல் தவறைச் செய்துவிட்டு ஸ்டோர் ரூமில் போய் அழுதுகொண்டிருந்தால், அவளுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள்.

யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருவனந்தபுரத்தில் பேட்டையில் எங்கள் வீடு. பூர்வீகம் பாறசாலைப் பக்கம். வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம்; வீட்டில் தமிழ், வெளியே இறங்கினால் மலையாளம். நர்சிங் கொஞ்சம் படித்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கப்பலுக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா யோசித்துச் சம்மதித்தார். அம்மா யோசிக்கவே இல்லை.

"கண்ட ஆம்பிளைக்கெல்லாம் பீயும் மூத்திரமும் எடுக்கதுக்கா ஒன்ன படிக்க வச்சோம்? போனா போன வழி. எங்கிட்ட பேசாத."

அம்மா சொன்னால் சொன்னதுதான். பதினொரு மாதம் நான் எழுதிய கடிதங்களுக்கு அப்பாதான் பதில் போட்டார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி "உன் அம்மைக்குச் சுகம்" என்று இருக்கும். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அம்மா.

கப்பலில் எனக்கு ஜுர வார்டு. மலேரியா, டைபாய்டு, பேதி. அங்கே வேதமே ஒன்றுதான்: குடிக்க வை. கஞ்சித் தண்ணீர், பார்லி, எலுமிச்சை, கொதித்து ஆறிய நீர், எதையாவது குடிக்க வை. குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்பவரைக் கெஞ்சியும் அதட்டியும் குடிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர்தான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

ஒரு தை மாதம் கப்பல் குடிதண்ணீர் ஏற்றிக்கொள்ளத் திருவனந்தபுரத்து வலியதுறைக்கு வெளியே நங்கூரம் போட்டது. இரண்டு நாள். அங்கே கப்பல் கரைக்கு வர முடியாது; கடலுக்குள் நீண்டு வரும் இரும்புப் பாலம்தான் துறை, ஆளும் சாமானும் படகில்தான் போய்வர வேண்டும். தண்டவாளம் போட்ட அந்தப் பாலத்தைத் தளத்திலிருந்து பார்த்ததும் என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? என் வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். இரண்டாம் நாள் எனக்கு லீவு என்று மேட்ரன் சீட்டில் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே கரைக்குப் போகும் ஆளிடம் அப்பாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. "எனக்கு ஆபீஸ். அம்மை வருவாள். காலை பத்தரைக்குப் பாலத்து முனையில் நிற்பாள்."

அம்மை வருவாள் என்பதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கப்பலின் மோட்டார்ப் படகு பன்னிரண்டு மணிக்குத்தான் கரைக்குப் போகும். அதுவரை பொறுக்க எனக்கு முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு இளநீர் விற்க ஒரு வள்ளம் கப்பலை ஒட்டி வந்தது. வள்ளக்காரச் சேட்டனிடம் மலையாளத்தில் பேசி, திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். மேட்ரனும் சரி என்றார். சேட்டன் விற்று முடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்தை நான் சும்மா இருந்து கழித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஊதா நிறப் பட்டுச் சேலை, காதில் கம்மல், தலையில் பிச்சிப்பூ இல்லாத குறை ஒன்றுதான். "இதுதான் எங்கள் ஊர், இதுதான் எங்கள் ஊர் கரிக்கு, இளநீர்" என்று பம்பாய்ப் பெண்களுக்கும் மதராஸ் பெண்களுக்கும் ஆளுக்கொன்று வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். தென்னை மரத்தையே நான்தான் கண்டுபிடித்தவள் போல ஒரு தோரணை. கையில் ஒன்று மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு மேல்தளத்து அறுவை வார்டுக்குப் போனேன். அங்கே ஒரு திருநெல்வேலிக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ் கேட்டு நாளாயிற்று.

எங்கள் கப்பலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. லீவில் இருப்பவர் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. காலையில் டியூட்டி மாறும்போது அந்த வார்டு சிஸ்டர் நின்று, யாருக்கு என்ன மாறியிருக்கிறது என்று சொல்வார். அதைக் கேட்காதவளுக்கு அன்று அங்கே வேலை இல்லை. இந்தக் கட்டுப்பாடு எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை செய்யப் போகவில்லை, ஊர்க்காரரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். தொடையில் குண்டுச் சில்லு தைத்து, எலும்பு வரை சீழ் வைத்த கால்.

"என்ன தங்கச்சி, நம்ம பக்கமா?"

"ஆமா அண்ணாச்சி. இந்தா தெரியுதே, இந்தக் கரைதான் எங்க ஊரு."

"நல்லாருக்கே! கையில என்ன, எளநியா?" என்றவர் சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னிக்குக் காலைலேருந்து ஒண்ணுமே தரல பாத்துக்க. எல்லாருக்கும் கஞ்சி ஊத்துனாவ. என்னைய மட்டும் தாண்டிப் போயிட்டாவ."

எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் பெட்டியின்மேல் அவருடைய எனாமல் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குவளையைக்கூட நிமிர்த்தவில்லையே, இந்த அறுவை வார்டுப் பெண்கள் எவ்வளவு சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன். நானே நிமிர்த்தினேன். நானே ஊற்றினேன். ஒரு குவளை போதாமல் இன்னொன்று. அப்புறம் காயைப் பிளந்து வழுக்கையையும் வழித்து ஊட்டிவிட்டேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சேட்டன் கீழிருந்து கூவவே, அவர் கன்னத்தில் ஒட்டியதைத் துடைத்துவிட்டு ஓடினேன்.

அறுவை வார்டில் கவிழ்த்து வைத்த குவளைக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஜுர வார்டில் கவிழ்த்த குவளை என்றால் கழுவிய குவளை.

வள்ளம் கிளம்பியது. சேட்டனும் இன்னொருவரும் துடுப்பால் துழாவினார்கள். நான் நடுவில் பட்டுச் சேலை நனையாமல் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். பாலத்து முனையில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. வெயிலானாலும் மழையானாலும் அம்மா கையில் குடை இருக்கும். வெள்ளைச் சேலை. முகம் தெரியாத தூரம், ஆனால் நிற்கிற நிற்பு தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் பெருமை தலைக்கேறிவிட்டது. அந்தச் சேட்டனிடம் போய் என் சாமர்த்தியத்தை அளக்க ஆரம்பித்தேன்.

"கேட்டீங்களா சேட்டா, மேல் வார்டில ஒரு பாவப்பட்ட மனுஷனுக்குக் கஞ்சி கொடுக்க மறந்துட்டாங்க. நான் மட்டும் பாக்கலேன்னா அவரு பட்டினிதான்."

சேட்டன் துழாவுவதை நிறுத்தாமல் கேட்டார். "அதெந்தா மோளே, எல்லாருக்கும் கொடுத்துட்டு ஒருத்தனுக்கு மாத்திரம் மறக்குமோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கை போய் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

மறக்க மாட்டார்கள். ஒருவருக்கு மட்டும் கஞ்சி கொடுக்காமல் விடுகிறார்கள் என்றால் அவருக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி மேலே வந்து மூச்சுக் குழலுக்குள் போகும். மேஜையிலேயே ஆள் போய்விடுவார். அதுதான் கவிழ்ந்த குவளை. கப்பல் அசையாமல் நிற்கும் நாட்களில்தான் எங்கள் சர்ஜன் பெரிய ஆபரேஷன்களை வைத்துக்கொள்வார். முதல் கேஸ் பதினொன்றுக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.

"எந்து பற்றி மோளே? சர்த்திக்க வருன்னோ?" எனக்கு வாந்தி வருகிறதாக்கும் என்று சேட்டன் நினைத்துவிட்டார்.

அடுத்த ஒரு நிமிஷத்தில் என் மனசு செய்த வேலையை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அவரே டாக்டரிடம் சொல்லிவிடுவார். குவளை நிமிர்ந்திருப்பதை யாராவது பார்த்திருப்பார்கள். இளநீர் என்ன, தண்ணீர்தானே, அரை மணியில் இறங்கிவிடும். ஒருவேளை அவருக்கு ஆபரேஷன் இன்றைக்கே இல்லையோ என்னவோ. கடைசியாக வந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம்: பாலம் இதோ வந்துவிட்டது, ஏணியில் ஏறி அம்மா கையை ஒரு தடவை பிடித்துவிட்டு உடனே திரும்பிவிடலாம், ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைச் சரிதான் என்று நிரூபிக்க நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே மட்டம். அன்றைக்கு மட்டும் அது நன்றாக வந்தது.

குடை ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தது. அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"சேட்டா, திருப்புங்க. கப்பலுக்குப் போகணும்."

"அம்மச்சி அதா நிக்குன்னு! இனி நாலு துழை போட்டா மதி, கரை எத்திப் போச்சு."

"நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன் சேட்டா. திருப்புங்க."

அவர் துடுப்பை மறுபக்கம் மாற்றினார். வள்ளம் திரும்பியது. நான் பாலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் எழுந்து குதித்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பதினொரு மாதம் பேசாதிருந்த அம்மா இறங்கி வந்து கூப்பிட, மகள் பாதி வழியில் திரும்பிப் போகிறாள். அங்கிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்? வழியெல்லாம் அழுதுகொண்டே சேட்டனிடம் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு அழுதாலும் வள்ளம் வேகமாகப் போகவில்லை.

பட்டுச் சேலையோடு கயிற்றேணியில் ஏறுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு செருப்பு கடலில் விழுந்தது. மற்றதை நானே உதறிவிட்டு, நனைந்த சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மீன் விற்கப் போகிறவள் கோலத்தில் தளத்தில் ஓடினேன். எதிரே வந்த கப்பல் அதிகாரி ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அறுவை வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். கொல்லத்துக்காரர், ஆங்கிலோ இந்தியர், அதிகம் பேசாதவர். கதவுக்குப் பின்னால் சர்ஜன் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சிஸ்டரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் அது பிடித்திருக்காது.

"சிஸ்டர், அந்தக் கால் கேஸ், அவருக்கு நான் இளநீர் கொடுத்துட்டேன்."

அவர் முகம் மாறவில்லை. உள்ளே தலையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "வெயிட்." பிறகு என்னிடம் திரும்பி, "எத்ர?" என்றார். எவ்வளவு?

"கொஞ்சம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு குவளை."

அப்போதும் ஒன்றும் பேசவில்லை.

"ரெண்டு குவளை சிஸ்டர். வழுக்கையும் ஊட்டினேன். ஒம்பதரை மணிக்கு."

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணெதிரே அம்மாவை விட்டுவிட்டு, அழுதுகொண்டே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்த அதே ஆள்தான் வாசலில் நின்று "கொஞ்சம்" என்று பொய் சொன்னவளும். கொஞ்சம் என்பதை நம்பியிருந்தால் அவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு மயக்கம் கொடுத்திருப்பார்கள். தவறை ஒப்புக்கொள்வதற்குக்கூட எனக்கு மூன்று தவணை தேவைப்பட்டது. அந்த சிஸ்டர் திட்டியிருந்தால் நான் முதல் தவணையோடு நின்றிருப்பேன். பின்னாளில் என் முன்னால் நின்ற எத்தனையோ பெண்களிடம் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் கடுகடுப்பானவள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கோபம் இல்லை, மிச்சத்தைக் கேட்பதற்காகத்தான்.

சர்ஜன் வெளியே வந்தார். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும்; கிளம்பிவிட்டால் ஆட்டத்தில் எலும்பில் கை வைக்க முடியாது. அடுத்த துறை வரை அந்தக் கால் தாங்காது. காலோடு உயிரும் போகலாம். கடைசியில் இரண்டரை மணிக்கு ஆரம்பிப்பது, எப்படியாவது நாலுக்குள் முடிப்பது என்று ஆயிற்று. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் அவர் சொன்னதை நான் தமிழில் எழுதப்போவதில்லை. அத்தனையும் எனக்கு உரியதுதான்.

"இன்னிக்கு ஒனக்கு லீவு," என்றார் சிஸ்டர். "பன்னிரண்டு மணிப் படகில் போகலாம்."

போகவில்லை. திருநெல்வேலிக்காரர் கட்டிலருகே, கவிழ்த்த குவளைக்குக் காவலாக உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஆபரேசன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியாம என்ன? ராத்திரியே சொல்லிட்டாவளே."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தந்திருப்பியா?"

தாகத்தில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார். தெரிந்துகொண்டு வர வேண்டியவள் நான். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் இறங்கியது. "அந்த எளநியால எனக்கு ஒண்ணும் ஆயிராதே தங்கச்சி? ஊர்ல ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு." ஆகாது என்று சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாமல்தான் சொன்னேன்.

இரண்டரைக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீரில் யாரோ கத்துவது கேட்டது. குனிந்து பார்த்தேன். காலையில் வந்த அதே வள்ளம். சேட்டனுடைய தோளை ஒரு கையாலும் குடையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆடுகிற வள்ளத்தில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். சங்குமுகம் கடற்கரைக்குப் போனால் கால் நனைக்கக்கூட மாட்டாள் என் அம்மா. கடலைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும். யுத்த காலம், வெளியாள் கப்பலில் ஏற முடியாது. அவள் ஏறவும் கேட்கவில்லை.

"அந்த மனுசனுக்கு உயிரு இருக்காடீ?"

பதினொரு மாதம் கழித்து அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. சேட்டன் நடந்ததையெல்லாம் பாலத்தில் போய்ச் சொல்லிவிட்டார் என்று புரிந்தது.

"இப்பதான் உள்ள கொண்டு போயிருக்காங்கம்மே. இன்னும் தெரியாது."

"அப்போ தெரிஞ்சிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நான் மேலே, அவள் கீழே. ஒரு பெரிய அலை வரும்போதெல்லாம் வள்ளம் தூக்கிப் போட, அம்மா பக்கவாட்டில் குனிந்து வாந்தியெடுத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மேலே பார்ப்பாள். கரைக்குப் போங்கள் அம்மே என்று இரண்டு தடவை கத்தினேன். காது கேட்காதவள் மாதிரி இருந்தாள். நான் கம்பியைப் பிடித்தபடி ஜெபம் செய்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன், வேறு எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை.

மூன்றே முக்காலுக்கு சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். "கழிஞ்ஞு, முடிஞ்சாச்சு. மூச்சு நல்லாயிருக்கு. கால் இருக்கு," என்றார்.

நான் பாதி உடம்பு கம்பிக்கு வெளியே தொங்கக் கத்தினேன். "அம்மே! பொழச்சுட்டாரு! பொழச்சுட்டாரும்மே!"

அம்மா குடையைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது எனக்கு மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. பிறகு தலை நிமிர்ந்து, காலையில் வீட்டில் என்னை எழுப்புகிற அதே குரலில் அதட்டினாள்.

"பின்ன இஞ்ச நின்னு என் மொகத்த என்னத்துக்குப் பாத்துட்டு நிக்க? போ மக்களே. போயி அவனப் பாரு."

போனேன். நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தம் கேட்டது. வள்ளம் கரைக்குப் போனதை நான் பார்க்கவில்லை. மயக்கம் தெளிகிற நேரத்தில் அவருக்குக் குமட்டல் எடுத்தது. சிஸ்டர் ஒரு தட்டை என் கையில் கொடுத்தார். ஒரு கையால் அவருடைய தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை ஏந்திக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.